போன் படித்துக் காட்டினால் பிள்ளை எப்போது படிப்பான்?

"இன்னா மிஸ், போனே படிச்சிக் காட்டிச்சின்னா இவன் எப்போ கத்துக்கறது?"

வள்ளூரில் எங்கள் வீட்டு வாசலில் நடக்கும் மாலை வகுப்புக்குப் பிள்ளையை விடவரும் அம்மாக்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். போன் கையில் வந்ததும் பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

என் வகுப்பில் நாலாவது படிக்கும் ஒரு பையன். அப்பாவுக்கு அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. அங்கே 3 யூனிட், ஒவ்வொன்றும் 500 மெகாவாட் என்று மூச்சுவிடாமல் சொல்வான். ஆனால் எங்கள் ஆற்றின் பெயரை, 'கொசஸ்தலை' என்று, எழுதிக் காட்டினால் வியர்த்துவிடும். 'கொ'வில் உயிர்க்குறி எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கிறது. 'லை'யில் காதுக்கு முதலில் வருவது ல். கண்ணுக்கு முதலில் படுவதோ ஐகாரக் குறி. மற்ற பிள்ளைகள் இதைக் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள். இவன் ஒவ்வொரு தடவையும் இடறுகிறான். பள்ளியில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிக்கிறார்களே, அதில் இவன் அரும்பிலேயே நிற்கிறான். சோம்பேறித்தனம் என்றார்கள். இல்லை, டிஸ்லெக்சியா.

தமிழில் எழுதியிருப்பதை அப்படியே வாசித்துவிடலாம், ஆங்கிலத்தில்தான் இந்தத் தொல்லை என்று சொல்பவர்கள் உண்டு. தமிழில் தப்பு குறையலாம், வேகம் வராது. வரியின் கடைசிக்கு வரும்போது முதல் சொல் மறந்திருக்கும்.

1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய டாக்டர், எழுத்துக் கூட்ட வராத 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பாடத்தையெல்லாம் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய வாத்தியார் சொன்னாராம். அந்த வாத்தியார் கையில் போன் இல்லை. நம் கையில் இருக்கிறது.

அம்மாக்களிடம் நான் சொல்வது இதுதான். வாசிக்கக் கற்பது ஒரு வேலை. பாடத்தைத் தெரிந்துகொள்வது வேறு வேலை. முதல் வேலை முடிய வருஷங்கள் ஆகலாம். அதுவரை அறிவியலும் சமூக அறிவியலும் அவனுக்குக் கிடையாது என்று யார் சொன்னது? இரண்டாவது வேலையைப் போன் செய்யட்டும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் க்யூஆர் கோடு அச்சாகிறது. திக்‌ஷா செயலியில் அதை ஸ்கேன் செய்தால் பாடம் காணொளியாக ஓடும். ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் ஆக்ஸஸிபிலிட்டி என்ற பகுதிக்குள் போனால், திரையில் தொட்ட வரியைத் தமிழிலேயே வாசிக்கும் வசதி இருக்கிறது. போன் வாங்கி எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தப் பக்கம் யாரும் போனதில்லை! எழுத்து யூனிகோடில் இருந்தால் சுத்தமாக வாசிக்கும்; பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப் என்றால் உளறும். 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம், அச்செழுத்தை வாசிக்க முடியாதவர்களுக்கானது. பார்வையற்றவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். டிஸ்லெக்சியா உள்ளவர்களும் உறுப்பினராகலாம்.

முதல் வேலைக்கு, அதாவது வாசிக்கக் கற்பிப்பதற்கு, ஆள் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். எனக்கு அதிகம் உதவுவது பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர். 2015இல் வந்தது. கதைகள் படிநிலை வாரியாக இருக்கும், தமிழிலும் இருக்கின்றன, காசு கிடையாது. திறந்த உரிமம் என்பதால் கதையை எடுத்து நம் தேவைக்கு மாற்றி எழுதலாம். கொம்பும் இணைக்கொம்பும் வரும் சொற்களைத் தள்ளிவிட்டு, கால் போட்ட எழுத்து மட்டும் வரும்படி சுருக்கி, பெரிய எழுத்தில், வரிகளுக்கிடையே இடம் விட்டு அச்செடுக்கிறேன். அதைக் கையில் கொடுத்து, ஒலியைச் சொல்லச் சொல்லி, மணலில் எழுதவைத்துத்தான் நகர வேண்டும். டிஸ்லெக்சியாவுக்கென்றே ஒரு எழுத்துரு, நிறக் கண்ணாடித்தாள் என்று விற்கிறார்கள். அவற்றால் வாசிப்பு கூடியதாக ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. நட்சத்திரம் தரும் எழுத்து விளையாட்டுச் செயலிகளில் என் பிள்ளைகள் நட்சத்திரம் சேர்க்கத்தான் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

சென்னையிலேயே மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது. ஆசிரியர்களுக்கு இ-ஷிக்ஷணம் என்று இணையவழிப் பயிற்சி நடத்துகிறார்கள். ஆங்கிலப் பக்கத்தைப் படம் எடுத்தால் சொல்லைப் பிரித்துத் துப்புக் கொடுக்கும் அவாஸ் ரீடர் செயலியில் இவர்களுக்கும் பங்குண்டு. தமிழுக்கு அந்த அளவுக்கு ஒன்று கைக்கு வந்தால் என் பாதிப் பாரம் குறையும்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு போன்தான், அதுவும் அப்பாவோடு ஷிப்ட்டுக்குப் போய்விடும். அதனால் ராத்திரியே பாடத்தை இறக்கி, ஒலியை மட்டும் பழைய போனில் ஏற்றிவைக்கச் சொல்கிறேன்.

எந்தச் செயலியாலும் ஆகாத காரியம் ஒன்று இருக்கிறது: சான்றிதழ். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. என்சிஇஆர்டியின் பிரசஸ்த் செயலியில் ஆசிரியர் கேள்விப்பட்டியலை நிரப்பலாம். அது சந்தேகத்தைக் காட்டும், அவ்வளவுதான். முடிவு சொல்ல வேண்டியது மருத்துவக் குழு. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு ஆகியவற்றுக்கு அந்தத் தாள் வேண்டும். எட்டு வயது முடிந்தாலே சோதனைக்குக் கூட்டிப்போகலாம். பத்தாவதில் ஹால் டிக்கெட் வரும் மாதத்தில் என்னிடம் ஓடிவருகிறார்கள்.