அயல்நாட்டு உதவித்தொகையும் விலக்கப்பட்ட பாடங்களும்

ஓசூர் சிப்காட் ஆலைத் தொழிலாளரின் பிள்ளை பொறியியல் கற்க அயல்நாடு செல்ல விரும்பினால் எவரும் வியப்பதில்லை. படைப்பெழுத்தும் பதிப்பும் கற்க விரும்பினால்?

ஒன்றியச் சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உரியது. ஆண்டுக்கு 125 இடங்கள். 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது. 2022இல் வந்த நெறிமுறையோ இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, சமூகம் குறித்த பாடங்களையும் ஆய்வுகளையும் விலக்கிவிட்டது. அவற்றை உள்நாட்டிலேயே கற்கலாமாம்!

படைப்பெழுத்துத் துறைகள் சேர்க்கைக்குப் பெரும்பாலும் கேட்பது சொந்த எழுத்தின் மாதிரியை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தொலிக்கும் எல்லையோரக் குடியிருப்பை, அங்குள்ள சாதியை எழுதும் மாணவர், தம் பொருளை மறைத்தா விண்ணப்பிக்க வேண்டும்?

பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா சென்ற அம்பேத்கர், 1916இல் அங்கு வாசித்தளித்த கட்டுரை இந்தியச் சாதிகளின் தோற்றத்தைப் பற்றியது. இந்நெறிமுறை அன்றிருந்திருப்பின் அத்தலைப்பே தள்ளுபடியாகியிருக்கும்.

தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவருக்கு அயல்நாட்டு உயர்கல்வி உதவி வழங்குகிறது. விண்ணப்பிப்போர் தகுதியுள்ள பாடங்களை முதலில் பார்த்துக்கொள்க. ஒன்றிய அரசின் விலக்கை நீக்கக் கோரி, ஓசூர், கிருஷ்ணகிரி கல்லூரி மாணவர்கள் அமைச்சகத்துக்கு மனு அனுப்ப வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.