ஒரு கணினி, இரு திரை

யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணற்றிலே இறைப்புக்கு முறை உண்டு. ஒரே கணினிக்கு இரு திரை பூட்டிய குடும்பத்திலும் அத்தகைய ஒழுங்கு வேண்டும். மகன் ‘இரண்டாம் திரை மட்டும்’ என அமைத்து, அத்திரையை அணைத்துச் செல்கிறான். பின்னர், கனடாவிலுள்ள பேத்தியின் முகம் காண அமரும் அப்பம்மாவுக்குச் சில வேளை இருளே கிட்டுகிறது. பழுதென்று கடைக்குத் தூக்கிச் செல்வோரும் உளர்!

ஆளுக்கொரு கணக்கு வைத்தால் பின்னணிப் படம் அவரவர்க்கு உரியதாகும். திரையமைப்போ கணினிக்குப் பொதுவானது. ஆகவே ஒருவர் மாற்றியது அடுத்தவரையும் தொடரும். அணைந்த திரையை மீண்டும் ஏற்றி, விண்டோஸ் விசையுடன் ‘பி’ விசையையும் சேர்த்து அழுத்துக. 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7 முதல் இவ்வசதி உண்டு. தோன்றும் நான்கு வகைகளுள், இரு திரையிலும் ஒரே காட்சி தருவதே வீட்டுக்குப் பொருந்தும். காட்சியை விரித்து வைப்போர், மேசையில் இடப்புறமுள்ள திரையை அமைப்பிலும் இடப்புறமே இழுத்து வைத்தல் வேண்டும். இன்றேல் சுட்டி விளிம்பில் முட்டி நிற்கும்.