பழைய கேமரா லென்ஸில் நெபுலா ஒளிப்படம்: சென்னையின் மேற்குப் புறநகர் வானில்

நெபுலா என்பது விண்மீன்களுக்கு இடையே பரந்து கிடக்கும் வளிமமும் தூசும் சேர்ந்த முகில். விண்முகில் என்றும் இதனைக் குறிப்பிடுவர். இவற்றைப் படமெடுக்கப் பெரிய தொலைநோக்கி வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் பல நெபுலாக்கள் வானில் முழுநிலவைவிடப் பெரிய பரப்பில் விரிந்தவை. அவற்றுக்குப் பெரும் உருப்பெருக்கம் தேவையில்லை. பிலிம் காலத்து 135 மி.மீ. லென்ஸ் ஒன்றை டிஜிட்டல் கேமராவில் பொருத்தினால், ஓரியன் நெபுலாவும் அதன் மேலுள்ள மூன்று விண்மீன் வரிசையும் ஒரே படத்தில் அடங்கும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற ஒளி மிகுந்த பகுதிகளிலும் மொட்டை மாடியிலிருந்தே இதைச் செய்யலாம்.

பர்னார்டின் விளக்கு லென்ஸ்

மலிவான லென்ஸில் வானைப் படமெடுப்பது புதிய வழக்கமன்று. அமெரிக்க வானியலாளர் எட்வர்டு எமர்சன் பர்னார்டு வறுமையால் ஒன்பது வயதிலேயே நாஷ்வில் நகரப் புகைப்பட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பின்னாளில் லிக் வானாய்வகத்தில் பால்வழியைப் படமெடுக்க அவர் பயன்படுத்தியது, மனிதர்களை உருவப்படம் எடுப்பதற்காகச் செய்யப்பட்ட ஒரு பழைய லென்ஸ். 1894-ல் ஓரியனைச் சுற்றியுள்ள மாபெரும் வளைவைப் பதிவுசெய்தபோது அவர் கையில் இருந்தது இன்னும் எளியது: படம் காட்டும் விளக்கிலிருந்து எடுத்த, சுமார் 1.5 அங்குல விட்டமுள்ள லென்ஸ். அந்த வளைவு இன்று பர்னார்டு வளையம் எனப்படுகிறது. 1.5 அங்குலம் என்பது 38 மி.மீ. எஃப் 3.5 அளவுள்ள சாதாரண 135 மி.மீ. லென்ஸின் துளை விட்டமும் ஏறக்குறைய அதுவே.

லென்ஸைத் தேர்வு செய்தல்

பென்டாக்ஸ் நிறுவனத்தின் சூப்பர் டாகுமார் 135 மி.மீ., சோவியத் ஜூபிட்டர் 37ஏ, செனித் கேமராக்களோடு வந்த ஹீலியோஸ் 58 மி.மீ. ஆகியவை இவ்வேலைக்குப் பெயர்பெற்றவை. இவற்றில் பலவும் எம்42 எனப்படும் 42 மி.மீ. திருகு இணைப்பு கொண்டவை. கேனான் இஓஎஸ் கேமராக்களிலும் கண்ணாடியில்லாத மிரர்லெஸ் கேமராக்களிலும் வெறும் உலோக வளையத்தின் மூலம் இவற்றைப் பொருத்தலாம். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் முடியாது. அதன் இணைப்புமுகம் உணரியிலிருந்து 46.5 மி.மீ. தள்ளியிருக்கிறது, எம்42 லென்ஸுக்குத் தேவையானதோ 45.46 மி.மீ. எனவே தொலைவிலுள்ள விண்மீன்கள் குவியத்துக்கு வாரா.

பழைய லென்ஸில் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சை. ஏரிகளும் கடற்காற்றும் சூழ்ந்த இப்பகுதியில், தோலுறையோடு அலமாரியில் பல ஆண்டுகள் கிடந்த லென்ஸுக்குள் சிலந்தி வலை போல அது படர்ந்திருக்கும். டார்ச் வெளிச்சத்தைப் பின்புறமிருந்து பாய்ச்சினால் தெரிந்துவிடும். நடுப்பகுதியில் படர்ந்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் வாங்காமல் விடுவதே நல்லது. வாங்கியதைச் சிலிக்கா ஜெல்லுடன் இறுக மூடும் டப்பாவில் வைக்க வேண்டும்.

இவ்வகை லென்ஸ்களின் உண்மையான குறை, பிரகாசமான விண்மீன்களைச் சுற்றித் தோன்றும் ஊதா வட்டம். துளையைச் சுருக்கினால் குறையும். ஆனால் லென்ஸின் உள்தகடுகளால் சுருக்கினால் விண்மீன்களில் கதிர்கள் முளைக்கும். கருப்பு அட்டையில் 30 மி.மீ. வட்டத் துளையிட்டு முன்புறம் பொருத்தினால் 135 மி.மீ. லென்ஸ் எஃப் 4.5 ஆகும், கதிர்களும் வாரா. செலவு ஓர் அட்டை.

நகர வானும் நேரமும்

இங்கு உண்மையான தடை லென்ஸ் அல்ல, ஒளி மாசு. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் விளக்குகளும் நெடுஞ்சாலை விளக்குகளும் வானைச் சாம்பல் நிறமாக்குகின்றன. கிழக்கே நகரின் ஒளிவட்டம் இருப்பதால், உதிக்கும் ஓரியனைப் படமெடுப்பது வீண். அது உச்சியைக் கடந்து திருவள்ளூர் பக்கம் சாயும்வரை காத்திருப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிந்திருக்கும், அதே மாதங்களில் ஓரியன் முன்னிரவில் உயரத்தில் நிற்கும். இது இவ்வூரின் நற்பேறு.

வானைப் பின்தொடரும் பலகை

புவி சுழல்வதால் விண்மீன்கள் நொடிக்கு 15 விகலை நகர்கின்றன. 135 மி.மீ. லென்ஸில் ஒரு படப்புள்ளி ஏறக்குறைய 6 விகலை. ஆகவே அசையாத முக்காலியில் ஒரு நொடிக்கு மேல் திறந்துவைத்தாலே விண்மீன் கோடாகிவிடும். இதற்கு எளிய தீர்வு, 1975-ல் ஜார்ஜ் ஹேக் வெளியிட்ட கீல் பலகை அமைப்பு. இரு பலகைகளை ஒரு கீலால் இணைத்து, ஒரு திருகால் மெல்லத் திறப்பதே அதன் வேலை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்6 திருகுக் கம்பியின் புரியிடைவெளி 1 மி.மீ. அதனைக் கீலிலிருந்து 228.5 மி.மீ. தொலைவில் வைத்து, நிமிடத்துக்கு ஒரு சுற்று சுழற்றினால் பலகை வானின் வேகத்தில் திறக்கும். கையால் சுழற்றினால் அதிரும். ரிச்சி தெருவில் கிடைக்கும் சிறு ஸ்டெப்பர் மோட்டார் போதும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை திருகைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

கீல் துருவ விண்மீனை நோக்க வேண்டும். சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 பாகை உயரமே இருப்பதால், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைத்துவிடும். திசைகாட்டியை நம்பினால் தளத்தின் இரும்புக் கம்பிகள் அதை ஏமாற்றும். பகலிலேயே தீர்க்கலாம்: தூக்குக்குண்டு நூலின் நிழல் நண்பகலில் சரியாக வடக்கே விழும். ஜனவரி நடுவில் அந்நேரம் ஏறக்குறைய 12:18. அந்நிழல்மேல் சாக்பீஸ் கோடு போட்டுவைத்தால் இரவில் உதவும். பிறகு 50 செ.மீ. நீளப் பலகையின் வடக்கு முனையை 11.3 செ.மீ. உயர்த்த வேண்டும். வடக்கு நோக்கி நிற்பவரின் இடப்புறம் கீல் இருக்க வேண்டும்.

ஒரு பாகை பிழை இருந்தாலும் 30 நொடிப் படத்தில் விண்மீன் ஒரு புள்ளிக்குச் சற்று அதிகமாகவே நகரும். நகர வானில் அதற்கு மேல் திறந்துவைப்பதில் பயனும் குறைவு, வானொளியே படத்தை நிறைத்துவிடும். விலையுயர்ந்த பின்தொடர் கருவி இங்கே பெரிதாகச் சாதிக்காததற்குக் காரணம் இதுதான்.

அடுக்குதல்

நெபுலா ஒரே படத்தில் வாராது. 100 படங்களைச் சராசரி எடுத்தால் இரைச்சல் பத்தில் ஒன்றாகக் குறையும். 400 எடுத்தால் இருபதில் ஒன்று. டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் ஆகிய இலவச மென்பொருள்கள் விண்மீன்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி இதைச் செய்கின்றன. குவியத்தை லென்ஸிலுள்ள முடிவிலிக் குறியை நம்பி வைக்கக்கூடாது. பிரகாசமான விண்மீனைத் திரையில் பெரிதாக்கிச் சரிசெய்து, வளையத்தை டேப்பால் ஒட்டிவிட வேண்டும். மெல்லச் சுழலும் பழைய உலோக வளையங்கள் இவ்விடத்தில் புதிய லென்ஸ்களைவிட வசதியானவை.

ஹைட்ரஜன் நெபுலாக்களின் சிவப்பொளி 656.3 நானோமீட்டரில் வருகிறது. மாற்றம் செய்யாத கேமராக்களின் உள்வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஆகவே தொடங்குபவர்களுக்கு ஏற்றது ஓரியன் நெபுலாதான், அது எல்லா நிறத்திலும் பிரகாசமானது. அடுத்து மழைக்கு முந்தைய ஏப்ரல், மே விடியற்காலைகளில் தெற்கே 52 பாகை உயரத்தில் வரும் லகூன் நெபுலா. ரோசெட் நெபுலாவும் பர்னார்டு வளையமும் மாற்றம் செய்த கேமராவையும், லென்ஸைவிட விலை கூடிய வடிகட்டியையும் கேட்பவை. ஐரோப்பாவிலிருந்து பார்க்கவே முடியாத கரீனா நெபுலா, மார்ச் மாத நள்ளிரவில் தெற்கே 17 பாகை உயரத்தில் நிற்கும். அதற்குத் தெற்குப் பக்கம் கட்டடமும் விளக்கும் மறைக்காத மாடி வேண்டும்.