கரீனாவைப் பிரித்தெடுத்தல்

ஹந்தானை மலைச்சரிவில் நின்று தெற்கே பார்த்தால், கண்டி நகரின் வெளிச்சம் முதுகுப்பக்கம் போய்விடும். மார்ச் மாத இரவில் 11 மணியளவில் அந்தத் தென்வானில், ஏறத்தாழ 23 பாகை உயரத்தில் கரீனா நெபுலா என்ற விண்முகில் நிற்கும். லண்டன்காரருக்கு அது உதிப்பதே இல்லை.

படம் எடுத்தபின்தான் சிக்கல். நெபுலாவின் ஒளி மிக மங்கல். அதைக் கணினியில் பிரகாசமாக்கினால் ஏற்கெனவே பளிச்சென்றிருக்கும் விண்மீன்களும் சேர்ந்து ஊதிப் பெருக்கும், நிறமிழந்து வெளுக்கும். பால்வீதிக்குள் கிடக்கும் கரீனாவிலோ விண்மீன்களுக்குப் பஞ்சமில்லை.

அதனால் இரண்டையும் பிரிக்கிறார்கள். ஸ்டார்நெட் போன்ற மென்பொருள், விண்மீன் உள்ள படங்களையும் இல்லாத படங்களையும் இணையிணையாகப் பார்த்துப் பழகிய நரம்பணு வலையமைப்பு. விண்மீன் புள்ளியை அழித்து, சுற்றுப்புறத்தைப் பார்த்து அந்த இடத்தை நிரப்பும். நிரப்பியது ஊகம்தான், கேமரா கண்டதல்ல. இதை மறைக்கக் கூடாது என்பது என் கட்சி. மூலப் படத்திலிருந்து விண்மீனற்ற படத்தைக் கழித்தால் மிஞ்சுவது விண்மீன்கள். நெபுலாவைத் தாராளமாகவும் விண்மீன்களை அளவாகவும் பிரகாசமாக்கி மறுபடி சேர்க்கலாம். வெறுமனே கூட்டினால் வெளிச்சம் எல்லை மீறும். 'ஸ்கிரீன்' என்ற கலப்பு முறையில் மீறாது.

ஒரு கண்ணி உண்டு. கரீனா நெபுலாவுக்குள் இருக்கும் ஈட்டா கரீனே விண்மீனைச் சூழ்ந்த ஹோமன்குலஸ் என்ற சிறு நெபுலா, அகன்ற வானப்பரப்பைக் காட்டும் படங்களில் செம்மஞ்சள் புள்ளியாகத்தான் தெரியும். மென்பொருள் விண்மீனென்றே தூக்கிவிடலாம். உண்மையில் அது 1840களின் பெருவெடிப்பில் அந்த விண்மீன் உமிழ்ந்த வாயுவும் தூசியும்.