ஆகாயத்தில் பழுது - 7: பொய் சொன்ன பெட்டி

விமானி அறையில் திரைகள் அணைந்துபோவது பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அணைந்த திரையைப் பார்த்ததுமே அதை நம்பக்கூடாது என்று விமானிக்குத் தெரிந்துவிடும். அதைவிட என்னை அதிகம் கலங்கடிப்பது, நன்றாக வேலை செய்வதுபோல் இருந்துகொண்டே தவறான எண்ணைக் கொடுக்கும் கருவிதான். 2008 அக்டோபர் 7 அன்று இந்தியப் பெருங்கடலின் மேல் அதுதான் நடந்தது.

சிங்கப்பூரிலிருந்து பெர்த் நகருக்குச் சென்றுகொண்டிருந்தது குவான்டாஸ் 72. ஏர்பஸ் ஏ330 விமானம். 303 பயணிகள், 12 ஊழியர்கள். 37,000 அடி உயரம். பகல் 12.40 மணிக்கு ஆட்டோபைலட் தானாக விலகிக்கொண்டது. தொடர்ந்து எச்சரிக்கைகள். வேகம் போதவில்லை என்றது ஒன்று. வேகம் வரம்பு மீறிவிட்டது என்றது மற்றொன்று. கேப்டன் கெவின் சல்லிவன் அமெரிக்கக் கடற்படையில் போர் விமானம் ஓட்டியவர். மாற்றுக் கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, தன் பக்கத்துத் திரையில்தான் கோளாறு என்று புரிந்துகொண்டார்.

12.42க்கு விமானத்தின் மூக்கு சட்டென்று கீழே சாய்ந்தது. அவர் சைடு ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார். பலனில்லை. ஏறத்தாழ 2 விநாடிக்குப் பிறகே விமானம் அவர் கைக்குப் பணிந்தது. அதற்குள் மூக்கு 8.4 டிகிரி வரை சாய்ந்திருந்தது. விமானம் 650 அடி இறங்கியது. பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் 60 பேருக்கு மேல். பலர் கூரையில் போய் மோதினார்கள். மூன்றே நிமிடத்தில் மறுபடியும் ஒரு சாய்வு, இம்முறை 400 அடி. பயணிகளில் 110 பேருக்கும் ஊழியர்களில் 9 பேருக்கும் காயம்.

காற்றில் விமானம் செல்லும் வேகம், உயரம், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஆகியவற்றைக் கணித்து அனுப்பும் பெட்டிகள் அந்த விமானத்தில் மூன்று உண்டு. பெயர் ஏடிஐஆர்யூ. முதல் பெட்டி இடையிடையே கோணத்தை 50.6 டிகிரி என்று அனுப்பியது. அந்த உயரத்தில் சாதாரணமாக இருக்க வேண்டியது சுமார் 2 டிகிரி. உயரத்துக்கான தரவு, கோணம் என்ற முத்திரையோடு வெளியேறியிருக்க வேண்டும் என்பது விசாரணையாளர்களின் கணிப்பு. முகவரி மாறிய கடிதம்போல. 'இது செல்லாது' என்று பெட்டி சொல்லவே இல்லை என்பதுதான் கொடுமை.

இப்படிப்பட்ட திடீர் எண்களை வடிகட்டும் ஏற்பாடு கட்டுப்பாட்டுக் கணினிகளில் இருந்தது. விபரீதமான எண் வந்தால் 1.2 விநாடிக்குப் பழைய நல்ல எண்ணையே வைத்துக்கொள்ளும். ஆனால் அந்த இடைவெளி முடியும் தறுவாயில் இன்னொரு தவறான எண் வந்தால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடும். வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்க்காத சந்து அது. விமானம் அளவுக்கு மீறி மூக்கைத் தூக்கியிருப்பதாகக் கணினி முடிவு செய்தது. உயிர்களைக் காக்கவென்று எழுதப்பட்ட நிரலே விமானத்தைக் கீழே தள்ளியது.

இனி எப்போது சாயும் என்று தெரியாத விமானம். பழுதுச் செய்திகள் திரையில் ஓடிக்கொண்டே இருந்தன. சல்லிவன் மேற்கு ஆஸ்திரேலியாவின் லியர்மன்த் விமானப்படைத் தளத்துக்குத் திரும்பி, சுமார் 50 நிமிடம் கழித்துத் தரையிறக்கினார். அந்த 50 நிமிடத்தை நினைத்தால் அவர்மீது எனக்கு மாளாத மரியாதை வருகிறது.

அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று இன்னொரு குவான்டாஸ் ஏ330 விமானத்தில் அதே வகைப் பெட்டி அதேபோல் தடுமாறியது. அதற்குள் புது நடைமுறை வந்திருந்தது. விமானிகள் பெட்டியை அணைத்துவிட்டுப் பெர்த்துக்குத் திரும்பினார்கள், யாருக்கும் காயமில்லை. ஏர்பஸ் பின்னர் கணினி நிரலையும் திருத்தியது. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் இறுதி அறிக்கை 2011 டிசம்பரில் வந்தது. பெட்டியை எத்தனையோ விதமாகச் சோதித்தும், அன்று அதைத் தடுமாற வைத்தது எது என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

(தொடரும்)