குளிரூட்டி வாங்குமுன் ஒரு கணக்கு

1990களில் ஜாம் போத்தலில் பஞ்சுத்திரி வைத்து, சில துளி மண்ணெண்ணெயில் இரவுகளைக் கழித்தவர்கள் நாம். சிக்கனம் நமக்குப் புதிதல்ல. இடம்பெயர்ந்து அலைந்து, மீண்டும் ஒரு கல்வீடு எழுப்பியபின், வெளிநாட்டுப் பிள்ளைகள் "ஏ.சி. பூட்டுங்கோ" என்று காசு அனுப்புகிறார்கள்.

பூட்டுமுன் ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரே அளவு குளிர் தரும் இரு இயந்திரங்களில் ஒன்று 1,300 வாற்று மின்சாரத்தையும் மற்றது 1,000 வாற்றையும் இழுக்கக்கூடும். நாளுக்கு 8 மணித்தியாலம் இடைவிடாது ஓடினால் மாதத்தில் 72 அலகு வித்தியாசம். நமது நாட்டில் பாவனை கூடக்கூட அலகின் விலையும் ஏறுகிறது. மலிவாக வாங்கி மிச்சம் பிடித்த பணம் மின்பட்டியலிலேயே கரைந்துவிடும்.

இந்த வித்தியாசம் கடையில் கண்ணுக்குத் தெரியாது. அதனாற்றான் அரசுகள் தராதரம் விதிக்கின்றன. இந்தியாவில் 2010 முதல் குளிரூட்டிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமாயிற்று. நட்சத்திரம் கூடினால் மின்செலவு குறையும். தராதரம் இடையிடையே உயர்த்தப்படுவதால் முத்திரையிலுள்ள ஆண்டையும் பாருங்கள். 2020 முதல் அங்கு முத்திரை பெற்ற புதிய குளிரூட்டிகள் 24 பாகையிலேயே இயங்கத் தொடங்கவேண்டும் என்பதும் விதி.

மின்விசிறிக்கோ ஏறத்தாழ 75 வாற்றே போதும். வீட்டோரம் வேம்பு நின்றால் பல நாட்களில் அதுவும் வேண்டியிராது. முதலில் அந்த வேம்பை நடுவோம்.