மஞ்சள் ஏற்றுமதி: பங்கு கன்டெய்னரா, முழு கன்டெய்னரா?

மஞ்சள் தூளைக் கப்பலில் அனுப்பும் உழவர் குழுவினரே, 20 அடி கன்டெய்னரின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். சரக்கு 2, 3 டன்தான் என்றால் பிறரோடு பகிரலாம். கன மீட்டர், டன் இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். ஆனால், பிறர் சரக்கு சேரும்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்துச் சரக்கின் வாடையும் மஞ்சளில் ஏறலாம்.

முழு கன்டெய்னர் என்றால் குடோனிலேயே ஏற்றி சீல் வைக்கலாம்.

சரக்கு 13 முதல் 15 கன மீட்டரை எட்டினால், இரண்டுக்கும் விலைப்புள்ளி வாங்கி ஒப்பிடுங்கள். சரக்கு இறங்கும் துறைமுகத்தின் கட்டணங்களையும் எழுத்தில் கேளுங்கள். பகிர்வில் கப்பல் வாடகை குறைவாகத் தெரிந்தாலும், அந்தக் கட்டணம் வாங்குபவர் தலையில் விழுந்தால் அடுத்த ஆர்டர் கிடைக்காது.